நிமியாவின் ஸ்கிரிப்ட் தூங்காது

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் சுவரில் மாட்டியிருக்கும், போர்டு என்று அவர்கள் சொல்லும் பெரிய திரையில் யார் பெயருக்கு நேரே சிவப்பு எரிகிறதோ, அன்றைக்கு மாமரத்தடியில் எல்லோருக்கும் தெரேரே என்ற பானத்தை ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. முதலாளி கிரிசெல்டா உட்பட ஒருத்தரும் அதை மீறியதில்லை.

தெரேரே ஊற்றுவது லேசான வேலை இல்லை. ஒரே கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சுகுழல். குவளைக்குள் இருக்கும் இலைத்தூளின் மேல் ஐஸ் தண்ணீரை ஊற்றி ஒருவரிடம் நீட்ட வேண்டும். அவர் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுக்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு. மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசலாம். ஊற்றுகிறவருக்குக் கண்ணும் காதும் குவளையிலேயே இருக்கும்.

மார்ச் மாதம் பிறந்ததிலிருந்து அநேகமாக ஊற்றுவது நிமியாதான்.

"இன்னிக்கும் நீதானா மகாராணி?" என்று மிர்த்தா நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டாள். வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பதில் சொல்வது மிர்த்தாவின் வேலை. அந்த வேலை தந்த வாய் அவளுக்கு. "பேசாம உன் பதவியவே மாத்திடலாம். பரிசோதனை அதிகாரின்னு எதுக்கு? தெரேரே அதிகாரின்னு போட்டுக்கோ."

"குடிச்சிட்டுப் பேசுடி. குவளைய மைக் மாதிரி புடிச்சிட்டு உட்காராத."

டெர்லிஸ் சிரித்தான். அதுதான் நிமியாவுக்குப் பொறுக்கவில்லை.

ஆபீஸ் என்பது அசுன்சியோனில், சஹோனியா பக்கம் ஒரு பழைய ஓட்டுவீடு. தோன் அபாரிசியோவின் பஸ் கம்பெனிக்கு இணையத்தில் டிக்கெட் விற்கும் தளத்தை நடத்துவது அவர்கள். தளத்தின் பக்கங்களை எழுதுகிறவன் டெர்லிஸ். அவன் எதையாவது மாற்றினால் அது ஜனங்கள் கைக்குப் போகும் முன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பவள் நிமியா.

முதலில் அவளைக் கையால் பார்க்கத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஊரைத் தேர்ந்தெடு, தேதியை அமுக்கு, பஸ்ஸை அமுக்கு, சீட்டை அமுக்கு, பணம் கட்டும் இடம்வரை போ, திரும்பி வா. அடுத்த ஊர். நாள் முழுக்க இதே. மணிக்கட்டு வீங்கி, கனவிலும் சீட் நம்பர் வரும். அந்த நாட்களில் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலில் தலை முட்ட முட்ட வீடியோ பார்த்துத்தான், இந்த அமுக்குகிற வேலையைக் கணினியே செய்யும்படி ஸ்கிரிப்ட் எழுத அவள் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு, ஒரு பட்டனை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிரவுசர் தானாகத் திறந்தது. தானாக ஊரைத் தேர்ந்தெடுத்தது, பஸ்ஸைப் பிடித்தது, சீட்டில் போய் நின்றது. மிர்த்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நிமியா ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள். கறி சுடுகிற இடத்தில் நின்று சொன்னாள், பாத்திரம் கழுவுகிற இடத்திலும் சொன்னாள். அவளுடைய மாமியாருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அடக்கம் என்ற பேச்சே நிமியாவிடம் கிடையாது. செய்தால் சொல்வாள்.

இப்போது அந்த ஸ்கிரிப்ட்தான் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸின் சீட்டுகளை வரிசையாகக் காட்டும் சீட் படம் வரும் பக்கத்தில்தான் தகராறு. திங்கட்கிழமை ஸ்கிரிப்ட் ஓடி முடித்து, எல்லாம் சரி என்று போர்டில் பச்சை காட்டும். செவ்வாய்க்கிழமை ஒரு எழுத்துக்கூட மாறாத அதே பக்கத்தில், 'சீட்டைக் காணோம்' என்று சிவப்பு காட்டும். ஓடிப்போய்க் கையால் திறந்து பார்த்தால் சீட்டுகள் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

"உன் ஸ்கிரிப்டுக்குப் பொறுமையே கிடையாது," என்றான் டெர்லிஸ். "உன்னை மாதிரியே. பக்கம் லோடு ஆகறதுக்குள்ள போய்க் கதவைத் தட்டுது. முப்பது நொடி தூங்கச் சொல்லு. தூங்கி எழுந்து அமுக்கட்டும். எல்லாம் சரியாயிடும்."

"தூங்கறது வேற, காத்திருக்கறது வேற டெர்லிஸ்."

"ரெண்டுலயும் சும்மாதானே இருக்கோம்?"

"நீ இருப்ப. பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் பஸ்ஸைப் பாத்துட்டே நிக்கறான், இன்னொருத்தன் பெஞ்சுல குறட்டை விடறான். பஸ் சீக்கிரம் வந்துட்டா குறட்டை விட்டவனுக்கு நேரம் வீண். லேட்டா வந்தா, அவன் முழிச்சுப் பாத்துட்டு பஸ்ஸே இல்லன்னு வீட்டுக்குப் போயிடுவான். என் ஸ்கிரிப்ட் பாத்துட்டு நிக்கற ஜாதி. அதைப் பெஞ்சுல படுக்க வைக்க மாட்டேன்."

"பாத்துட்டு நிக்கற லட்சணம்தான் தெரியுதே," என்று சுவரிலிருந்த சிவப்பைக் காட்டினான்.

கிரிசெல்டா அவர்களை உள்ளே கூப்பிட்டாள். ஐம்பது வயதுக்காரி. குரல் உயர்த்த மாட்டாள். எல்லோரும் அவளை மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள். மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து தாளால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"புனித வாரத்து டிக்கெட் அடுத்த புதன்கிழமை திறக்குது. இந்த நகரமே மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போகும். கான்செப்சியோன், பிலார், எல்லா பஸ்ஸும் ஒரே நாள்ல வித்துத் தீரும். அன்னிக்குத் தளம் விழுந்தா தோன் அபாரிசியோ நம்மளத் தூக்கிப் போட்டுட்டு வேற ஆளப் பாத்துப்பார். நிமியா, உன் போர்டு சிவப்புன்னு சொன்னா நான் நம்பணும். பச்சைன்னு சொன்னாலும் நம்பணும். இப்ப ரெண்டையும் நம்ப முடியல."

"தோன்யா, கண்டுபிடிச்சிடறேன்."

"திங்கட்கிழமை வரைக்கும் பாரு. அதுக்கு மேல முடியலன்னா ஸ்கிரிப்டை மூட்டை கட்டி வச்சிட்டு, நீயும் மிர்த்தாவும் உட்கார்ந்து பழையபடி கையால பாத்துடுங்க. கோவிச்சுக்காத. எனக்குப் பஸ் போகணும்."

கோபம் வரவில்லை நிமியாவுக்கு. பழைய மணிக்கட்டு வலிதான் ஞாபகம் வந்தது. வலியைத் தாங்கிக்கொள்ளலாம். கைகட்டி நின்று ஊருக்கெல்லாம் காட்டிய ஸ்கிரிப்ட்டை ஓரம் கட்டிவிட்டு, எல்லோர் கண் முன்னாலும் மறுபடி மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டுமே. அதை எப்படித் தாங்குவது?

அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸ் காலியானதும் அவள் ஒரு காரியம் செய்தாள். சீட் படத்துக்கு முன்னால் முப்பது நொடித் தூக்கத்தைப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் போர்டு முழுக்கப் பச்சை. மிர்த்தா கை தட்டினாள். சிவப்பே இல்லாத நாளில் கடைசியாக வருகிறவர்தான் ஊற்ற வேண்டும் என்பதால் டெர்லிஸ் தெரேரே ஊற்றினான். நிமியாவும் சாய்ந்து உட்கார்ந்து குடித்தாள். புதினா போட்டிருந்தான், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் குவளையை நீட்டியபோதெல்லாம் அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அவன் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். அது அவனுக்குத் தெரியவும் தெரியாது.

அதற்கு மறுநாள் மழை. சாதாரண மழையா அது? தெருவெல்லாம் ஆறாக ஓடி, குப்பைத்தொட்டி மிதந்து போனது. அசுன்சியோனில் மழை பெய்தால் பாதிப் பேர் வேலைக்கு வர மாட்டார்கள், யாரும் ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். நிமியா முழங்கால்வரை நனைந்து வந்து சேர்ந்தாள். டெர்லிஸ் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். இணையம் நொண்டிக்கொண்டிருந்தது. போர்டில் சிவப்பு.

நிமியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி ஆச்சு? மழைல மூளைக்குள்ள தண்ணி போயிடுச்சா?" என்றான் டெர்லிஸ்.

"நீ சொன்னியே, முப்பது நொடி தூங்கட்டும்னு. தூங்கிச்சு. நல்லா தூங்கி எழுந்து பாத்தா சீட்டு இன்னும் வரல."

டெர்லிஸ் கொஞ்சம் யோசித்தான். "அப்ப அறுபது போடு."

"போடா!"

அந்த இடத்திலேயே தூக்கத்தைப் பிடுங்கி எறிந்தாள். மனசு லேசாகிவிட்டது. பிரச்சினை அப்படியே இருந்தது, நாள்தான் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் திரும்பிவிட்டது. போர்டில் சிவப்பு, கையில் தண்ணீர் ஜாடி, மாமரத்தடி. மிர்த்தா குடித்தாள், கிரிசெல்டா குடித்தாள், அடுத்தது டெர்லிஸ். நிமியாவின் கை ஊற்றிக்கொண்டிருந்ததே தவிர, தலைக்குள் ஸ்கிரிப்ட்தான் ஓடிக்கொண்டிருந்தது. சீட் பட்டனை அமுக்கினால் பக்கத்தின் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். லோடு ஆகிறது என்று அர்த்தம். வட்டம் போனதும் சீட்டுகள் வந்துவிடும். ஆகவே அவள் ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வட்டம் போகும்வரை காத்திரு, பிறகு சீட்டை அமுக்கு. இதில் எங்கே ஓட்டை?

தெரேரே குடிக்கிறவர்கள் கடைசிச் சொட்டை உறிஞ்சும்போது குவளைக்குள் கர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால் குவளை காலி. ஊற்றுகிறவர் கை நீட்ட வேண்டியதுதான். நிமியாவின் காதுக்கு அது பழகிப்போன விஷயம். டெர்லிஸ் பக்கம் சத்தம் இல்லை. அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிக் குவளையைப் பிடித்து இழுத்தாள்.

குவளை நிறைய இருந்த ஐஸ் தண்ணீர் அவன் மடியில் கொட்டியது.

"ஐயோ!" என்று டெர்லிஸ் துள்ளி எழுந்தான். போன் ஒரு பக்கம் விழுந்தது. "கண்ணு எங்க வச்சிருக்க? நான் இன்னும் வாயே வைக்கலையே!"

"சத்தமே இல்ல. முடிச்சிட்டன்னு நினைச்சேன்."

"ஆரம்பிச்சாத்தானேம்மா சத்தம் வரும்! போன்ல மேட்ச் பாத்துட்டு இருந்தேன். ஆரம்பிக்காதவன் எப்படி முடிப்பான்?"

மிர்த்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாப்பிள்ளைக்கு நனைஞ்ச இடத்தைப் பாரு!"

நிமியா சிரிக்கவில்லை. ஜாடியைப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

"எதை?"

"இப்ப சொன்னியே, அதை."

"ஆரம்பிக்காதவன் எப்படி முடிப்பான்னேன். ஏன், அதுக்கும் சண்டையா?"

ஜாடியைக் கிரிசெல்டாவின் கையில் திணித்துவிட்டு நிமியா உள்ளே ஓடினாள். முதலாளியிடம் ஜாடியைக் கொடுத்துவிட்டு ஓடுவதை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. கிரிசெல்டா ஜாடியைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள், அடுத்ததை ஊற்ற ஆரம்பித்தாள்.

உள்ளே நிமியா பிரவுசரை மிக மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். பட்டனை அமுக்கியாயிற்று. வட்டம் உடனே வரவில்லை. கண் இமைக்கிற நேரத்தில் பாதி இருக்குமா? அந்த இடைவெளியில் பக்கம் வெறுமையாக நின்றது. ஸ்கிரிப்ட்டுக்கு அந்த நேரம் தாராளம். அது எட்டிப் பார்த்தது. வட்டம் இல்லை. 'போய்விட்டது' என்று முடிவு கட்டியது. சீட்டை அமுக்கக் கை நீட்டியது. சீட் எங்கே? வட்டமே இனிமேல்தான் வரப்போகிறது. வராத ஒன்று போய்விட்டதாக நினைத்து அவள் ஸ்கிரிப்ட் இத்தனை நாள் வெறும் கையை நீட்டிக்கொண்டிருந்தது. வட்டம் சட்டென்று வந்த நாட்களில் அதைப் பார்த்துவிட்டு ஒழுங்காகக் காத்திருந்தது. அந்த நாட்கள் பச்சை. மற்றவை சிவப்பு.

"அடச்சீ," என்றாள் சத்தமாக. திட்டியது ஸ்கிரிப்ட்டையா தன்னையா என்று அவளுக்கே தெரியவில்லை.

முதலில், வட்டம் வரும்வரை காத்திரு, பிறகு அது போகும்வரை காத்திரு என்று மாற்றி எழுதினாள். அதுவும் சரிவரவில்லை. சில பஸ்களுக்குப் பக்கம் அத்தனை வேகமாக வந்தது. ஸ்கிரிப்ட் எட்டிப் பார்ப்பதற்குள் வட்டம் வந்தும் போய்விட்டது. வந்துபோன வட்டத்துக்காக அது வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தது. நிமியா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது: எனக்கு எதற்கு இந்த வட்டம்? எனக்கு வேண்டியது சீட்டு. சீட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே?

கடைசி வரிசையின் கடைசிச் சீட்டு கண்ணில் படும்வரை, அதை அமுக்க முடிகிற நிலைக்கு வரும்வரை காத்திரு என்று எழுதினாள். வட்டம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மறுபடி மறுபடி ஓடவிட்டாள். பச்சை. வேண்டுமென்றே இணையத்தை மழை நாள் மாதிரி நொண்ட வைத்து ஓடவிட்டாள். மெதுவாக வந்தது. ஆனால் பச்சை. இணையத்தை முழு வேகத்துக்கு விட்டாள். உதறிக்கொண்டு ஓடியது. பச்சை.

போர்டுக்கு முன்னால் போய் நின்று கூப்பிட்டாள். "எல்லாரும் வாங்க. தோன்யா, நீங்களும். இந்த மாசம் பூரா எரிஞ்ச சிவப்பு என் தப்பு. டெர்லிஸோட பக்கம் நல்லாத்தான் இருந்துச்சு."

டெர்லிஸ் நனைந்த கால்சட்டையோடு அறைக்கு நடுவே ஒரு சுற்று ஆடினான். "கேட்டுக்கோங்க! மிர்த்தா, இதை ரெக்கார்டு பண்ணியா?"

"ஆடு, நல்லா ஆடு," என்றாள் நிமியா. "தப்பு பண்ணது நான். அதைக் கண்டுபிடிச்சது யாரு? அதுவும் நான்தான். உன்னால முடிஞ்சது முப்பதுக்கு மேல அறுபது."

கிரிசெல்டா சிரித்ததை அன்றைக்குத்தான் பலர் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை பச்சை. தூக்கம் இல்லாததால் ஸ்கிரிப்ட்டுகள் சீக்கிரம் முடிந்தன. தைரியம் வந்த நிமியா, இரண்டு பிரவுசர்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு ஊரையும் ஒரு பஸ்ஸையும் எடுத்துக்கொள்ளும். கிரிசெல்டா ஸ்கிரிப்ட்டை மூட்டை கட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல். மறுநாள் விற்பனை. டெர்லிஸ் கடைசி மாற்றங்களைப் போட்டுவிட்டான். தோன் அபாரிசியோ ஒரு தடவை போன் செய்து, ரேடியோவில் விளம்பரம் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு வைத்தார். எல்லோரும் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாகப் பச்சை விழுந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று சிவப்பு.

சீட் படம்.

"மறுபடியுமா!" என்று டெர்லிஸ் நாற்காலியில் சரிந்தான். "சரி, இன்னொரு தடவை ஓட்டு. பச்சை வந்துடும்."

"ஓட்ட மாட்டேன்."

"என்னது?"

"பச்சை வர்ற வரைக்கும் ஓட்டறதுக்குப் பேரு பரிசோதனையா? சிவப்புன்னு சொல்லுது. சிவப்புதான்."

"வெள்ளிக்கிழமை நீயேதான என் தப்புன்ன?"

"வெள்ளிக்கிழமை தப்பு. இன்னிக்கு இல்ல."

மிர்த்தா தன் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தாள். சீட்டுகள் அழகாக வந்தன. கிரிசெல்டா தன் போனில் திறந்தாள். அங்கேயும் வந்தன. எல்லோரும் நிமியாவைப் பார்த்தார்கள். சரி, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. பச்சை வந்துவிடும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"நிமியா," என்றாள் கிரிசெல்டா. "எங்க எல்லாருக்கும் வருது. உன் ஸ்கிரிப்டுக்கு மட்டும் வரல. நான் யாரை நம்பட்டும்?"

"என் ஸ்கிரிப்டை, தோன்யா." நிமியா நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டாள். "முன்னாடி அது அவசரப்பட்டு வந்து புகார் சொல்லிச்சு. இப்ப அது நின்னு, பாத்து, அதோட கெடு முடியற வரைக்கும் காத்திருந்துட்டு சீட்டு வரலன்னு சொல்லுது. வந்திருந்தா பாத்திருக்கும். எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

"அதுக்குள்ள தோன் அபாரிசியோ போன் பண்ணுவார்."

"பண்ணட்டும்."

தோற்றுப்போகிற இடத்தில் திரையைப் படம் பிடித்து வைக்க ஸ்கிரிப்ட்டுக்கு அவள் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் படத்தைத் திறந்தாள். பிலார் போகிற இரண்டடுக்கு பஸ். பக்கத்தின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சீட்டே இல்லை. அதே நொடியில் பக்கத்துப் பிரவுசர் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தாள். அதுவும் பிலார் பஸ். அதே நாள், அதே பஸ். அதற்குச் சீட்டுகள் முழுசாக வந்திருந்தன.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டெர்லிஸ், உன் மெஷின்ல வெள்ளிக்கிழமை பிலார் பஸ்ஸைத் திற. சீட் பட்டன்கிட்ட போய் நில்லு. அமுக்காத. நான் இங்க அதே பஸ்ஸைத் திறக்கறேன். நான் 'இப்ப'ன்னா அமுக்கணும்."

"இது என்ன விளையாட்டு?"

"விளையாடு."

"நான் அமுக்கறேன்ல," என்று மிர்த்தா எழுந்தாள்.

"நீ சும்மா உட்காருடி. இப்ப!"

இருவரும் அமுக்கினார்கள். நிமியாவின் திரையில் வட்டம் ஒரு சுற்று சுற்றி, சீட்டுகள் வந்து விழுந்தன. டெர்லிஸின் திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டெர்லிஸ் திரையை முறைத்தான். மிர்த்தா அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். வட்டம் நிற்கவேயில்லை.

"இன்னொரு தடவை," என்றான் டெர்லிஸ் மெல்ல.

இன்னொரு தடவை அமுக்கினார்கள். இந்தத் தடவை அவனுக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை.

"ஒரே பஸ்ஸை ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா ஒருத்தருக்குத்தான் குடுக்குது," என்றாள் நிமியா. "நாம ஒவ்வொருத்தரா பாத்தோம், எல்லாருக்கும் வந்துச்சு. நாளைக்குக் காலைல பிலார் பஸ்ஸை எத்தனை பேர் ஒண்ணா கேப்பாங்க?"

பிலார் ஊரே கேட்கும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

டெர்லிஸ் தான் எழுதியதைத் திறந்து பார்த்தான். "நேத்து போட்ட மாத்தம். சீட் படத்தைச் சேத்து வச்சு வேகமா குடுக்கலாம்னு... ஒருத்தருக்குக் குடுக்கும்போது பூட்டு போடறேன். பூட்டைத் திறக்க..." என்று இழுத்தான். "திறக்கலை. ரெண்டாவது ஆளுக்குத் திறக்கவே இல்லை நான்."

அப்போதுதான் போன் அடித்தது. கிரிசெல்டா எடுத்தாள். தோன் அபாரிசியோவின் குரல் தூரத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. நாளைக்குத் திறக்கலாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

"இன்னும் இல்ல தோன் அபாரிசியோ. ஒரு சிவப்பு இருக்கு," என்றாள் கிரிசெல்டா. அந்தப் பக்கம் சத்தம் ஏறியது. "ஆமாம், ரேடியோல சொல்லியாச்சு, தெரியும். இன்னும் இல்லன்னுதான் சொல்றேன். சாயங்காலம் நானே கூப்பிடறேன்." வைத்துவிட்டாள்.

டெர்லிஸ் தலை குனிந்து வேலை செய்தான். ஒரு கிண்டல் இல்லை, ஒரு பாட்டு இல்லை. நிமியா அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவன் எதையாவது மாற்றும் ஒவ்வொரு தடவையும் இருவரும் ஒன்றாக அமுக்கிப் பார்த்தார்கள். மூன்று நான்கு முறை தோற்றது. ஒரு தடவை அவன் கையை மேஜையில் குத்தினான்.

"உடைக்காத. உன் மேஜைய நான் பரிசோதிக்க முடியாது," என்றாள்.

அவன் மூக்கால் சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீ இன்னொரு தடவை ஓட்டியிருந்தா பச்சை வந்திருக்கும் நிமியா."

"தெரியும்."

"நான் ஓட்டியிருப்பேன்."

"அதுவும் தெரியும்."

வெயில் மாமரத்துக்குப் பின்னால் இறங்கும்போது இரண்டு திரையிலும் சீட்டுகள் ஒன்றாக வந்து விழுந்தன. மிர்த்தாவைக் கூப்பிட்டார்கள், கிரிசெல்டாவைக் கூப்பிட்டார்கள். நான்கு பேரும் நான்கு கருவியில் ஒரே பஸ்ஸை ஒரே நேரத்தில் அமுக்கினார்கள். நால்வருக்கும் வந்தது. அப்புறம் நிமியா தன் ஸ்கிரிப்ட்டுகளை எல்லாம் முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்தத் தடவை அத்தனை பிரவுசரும் பிலார் பஸ்ஸின் மேலேயே போய் விழும்படி எழுதிவிட்டாள். மற்றவர்கள் போர்டுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். மிர்த்தா நகத்தைக் கடித்தாள். டெர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

நிமியா நிற்கவில்லை. பகலில் சாப்பிடாதது இப்போதுதான் தெரிந்தது. தெருமுனையில் கூடைக்காரி கூவுகிற சத்தம் கேட்டு வெளியே போய், சூடான சிபா ரொட்டி ஒன்று வாங்கினாள். பாலாடைக்கட்டி வாசனை கையெல்லாம் ஒட்டியது. திரும்பி வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு தின்ன ஆரம்பித்தாள். போர்டை அங்கிருந்து பார்க்க முடியாது. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பச்சை வந்தால் அது பச்சை. சிவப்பு வந்தால் அது சிவப்பு. எது வந்தாலும் அது பொய் சொல்லாது.

உள்ளே மிர்த்தா கத்துகிற சத்தம் கேட்டது. டெர்லிஸ் எதையோ தட்டினான், நாற்காலி உருண்டு சுவரில் மோதியது. பச்சைதான்.

கிரிசெல்டா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"திறக்கலாம் தோன் அபாரிசியோ... ஆமாம், உறுதியா... போர்டா? போர்டை நீங்க விடுங்க. நிமியா சொல்லிட்டா." கொஞ்சம் கேட்டுக்கொண்டாள். "நிமியாவத் தெரியாதா? மத்தியானம் உங்க விற்பனைய நிறுத்தி வச்சவ அவதான். பிலார் ஜனம் நாளைக்கு உங்க ஆபீஸ் கண்ணாடிய உடைக்காம இருந்தா அதுக்கும் அவதான் காரணம்... இருங்க, இங்கதான் நிக்கிறா."

போனை நீட்டினாள். "அவர் உன்கிட்ட பேசணுமாம்."

நிமியாவின் வாய் நிறைய சிபா. பேச முடியவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"கொஞ்சம் இருக்கணுமாம் தோன் அபாரிசியோ," என்றாள் கிரிசெல்டா போனில். முகத்தில் சிரிப்பில்லை. "சாப்பிட்டுட்டு இருக்கா."

ஐம்பது பஸ்ஸுக்குச் சொந்தக்காரர் காத்திருந்தார். டெர்லிஸும் மிர்த்தாவும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். நிமியா அவசரப்படவில்லை. நன்றாக மென்றாள், விழுங்கினாள், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள், தொண்டையைச் செருமினாள். பிறகு போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க தோன் அபாரிசியோ. நிமியாதான் பேசறேன்."